ரப்பர் கடைக்கு நாமே சிசிடிவி போட முடியுமா? கேமரா, வயர், இடி பற்றி யோசனை தேவை

குலசேகரம் ஷீட் கடை:
எல்லோருக்கும் வணக்கம். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் வாங்கும் கடை வைத்திருக்கிறேன். முன்னால் எடை போடும் இடம், கல்லா, அதை ஒட்டி குடோன். பின்னால் ஒரு 70 மீட்டர் தள்ளி ஸ்மோக் ஹவுஸ் (ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் கட்டடம்), நடுவில் திறந்த முற்றம், ஒரு ஓரமாக ஒட்டுப்பால் (உறைந்த கழிவு ரப்பர்) மூட்டை அடுக்கும் ஷெட். ரப்பர் விலை ஏறினால் நம் பக்கம் ஷீட் களவு போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அது போக, எடையில் சந்தேகம் என்று யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு பதிவு இருந்தால் இரண்டு பேருக்கும் நல்லது என்று நினைக்கிறேன். வந்து பார்த்த ஆள் எட்டு கேமரா பேக்கேஜ் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார், எதற்கு எட்டு என்று கேட்டால் பதில் இல்லை. வயரிங் வேலை எனக்குக் கொஞ்சம் தெரியும், தம்பி ஒருத்தன் கூட இருக்கிறான். நாங்களே போட்டால் சரிவருமா? வைஃபை கேமரா போதுமா, வயர்தான் இழுக்க வேண்டுமா? ஐப்பசியில் இங்கே அடிக்கிற இடியும் மழையும் உங்களுக்குத் தெரியும், அதற்கு என்ன செய்வது?

நாகர்கோவில் நெட்வொர்க்:
தாராளமாகச் செய்யலாம் அண்ணே. ஆனால் கேமரா வாங்கும் முன்னால் ஒரு தாளில் கடையை வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் எனக்கு எது தெரிய வேண்டும் என்று எழுதுங்கள். ஆள் நடமாட்டம் தெரிந்தால் போதுமா, முகம் தெரிய வேண்டுமா, எடை மெஷினில் உள்ள நம்பர் தெரிய வேண்டுமா? இந்த மூன்றுக்கும் மூன்று விதமான லென்ஸ். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் எடை, கல்லா, குடோன் கதவு, முற்றம், ஸ்மோக் ஹவுஸ் கதவு என்று ஐந்து போதும்.

பேக்கேஜில் வருவது பெரும்பாலும் 2.8 மி.மீ. லென்ஸ். அது அகலமாகக் காட்டும், அதனால் மொபைலில் பார்க்கும்போது எல்லாம் தெரிகிற மாதிரி இருக்கும். ஆனால் 10 மீட்டர் தூரத்தில் அது பிடிக்கிற அகலம் 20 மீட்டருக்கும் மேல். 4 மெகாபிக்சல் கேமராவின் படம் குறுக்கே 2560 பிக்சல், அதை அந்த அகலத்துக்குப் பங்கு போட்டால் மீட்டருக்கு நூற்றுச் சொச்சம்தான் வரும். முன்பின் தெரியாத ஒருவரை இன்னார் என்று அடையாளம் சொல்ல மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது இந்தத் தொழிலில் வைத்திருக்கிற அளவு. அதனால் முற்றத்துக்கு, அகலம் குறைத்துத் தூரத்தில் உள்ளதைப் பெரிதாகக் காட்டும் 6 மி.மீ. போடுங்கள், கல்லாவுக்கு 2.8 சரி. முகம் வேண்டிய இடத்தில் எட்டு ஒன்பது அடி உயரத்துக்கு மேலே ஏற்றாதீர்கள், ஏற்றினால் உச்சந்தலைதான் பதிவாகும்.

எடை மெஷினுக்குத் தனிக் கேமரா. அதில் ஒரு சிக்கல் உண்டு: சிவப்பு எல்.ஈ.டி. நம்பர் கேமராவில் வெளுத்துப்போய் 8-ம் 0-வும் ஒன்று போலத் தெரியும், சில நேரம் பாதி கோடு விட்டுப் போகும். கேமரா செட்டிங்கில் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்சத்தை) குறைத்து, ஷட்டரை 1/25 அல்லது 1/50 வினாடி என்று நிலையாக வைத்தால் நம்பர் நிற்கும். கேமராவை நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் சரித்து வையுங்கள், தட்டில் கிடக்கிற ஷீட் கட்டும் சேர்ந்து தெரியும்.

வைஃபை வேண்டாம். எப்படியும் கரன்டுக்கு ஒரு வயர் இழுக்கத்தான் போகிறீர்கள், அதற்கு நெட்வொர்க் கேபிளையே இழுத்தால் கரன்டும் படமும் அதிலேயே போய்விடும், பி.ஓ.ஈ. சுவிட்ச் (கேபிள் வழியாகக் கரன்டும் கொடுத்து எல்லாக் கேமராவையும் இணைக்கிற பெட்டி) ஒன்று போதும். கேபிள் சுத்தச் செம்பாக இருக்கட்டும். அலுமினியத்தில் செம்பு பூசினது விலை குறைவாகக் கிடைக்கும், தூரம் கூடக்கூட வோல்டேஜ் விழுந்து, ராத்திரி ஐ.ஆர். விளக்கு (இருட்டில் படம் தெரிய கேமராவில் உள்ள அகச்சிவப்பு விளக்கு) எரிகிற நேரம் கேமரா ஆஃப் ஆகி ஆஃப் ஆகி வரும்.

அருமனை தோட்டம்:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் நம் மலையோரத்தில் இதுதான் பெரிய செலவு வைக்கும். கடைக்கும் ஸ்மோக் ஹவுஸுக்கும் நடுவே செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். 100 மீட்டர் வரை போகும் என்பது உண்மை, 70 மீட்டரில் படம் நன்றாகவே வரும். ஆனால் பக்கத்தில் ஒரு தென்னையில் இடி விழுந்தால் இரண்டு கட்டடத்தின் எர்த்துக்கும் வோல்டேஜ் வித்தியாசம் வந்து, அந்தக் கேபிள் வழியாகவே பாய்ந்து சுவிட்ச், ரெக்கார்டர் எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடும். அந்த இடத்துக்கு ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரைச் சாதாரண நெட்வொர்க் கேபிளோடு இணைக்கிற பெட்டி), அந்தப் பக்கம் ஒரு சின்ன சுவிட்ச், அவ்வளவுதான். இன்டர்நெட் கொடுக்கிற பையன்களிடம் சொன்னால் முனை போட்டுத் தருவார்கள். ஆனால் அவர்கள் வீடுகளுக்கு இழுக்கிற கேபிளில் தாங்குவதற்கு ஒரு ஸ்டீல் கம்பி இருக்கும். அந்தக் கம்பியோடு இழுத்தால் ஃபைபர் போட்டும் பயனில்லை, கம்பி இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்மோக் ஹவுஸுக்கு உள்ளே கேமரா வைக்க நினைக்கவே வேண்டாம். உள்ளே 60 டிகிரி வரை சூடு போகும், புகைக்கறை கண்ணாடியில் பிசின் மாதிரி ஒட்டும். கதவைப் பார்த்த மாதிரி வெளியே, புகை வெளியேறும் பக்கத்தை விட்டுத் தள்ளி வையுங்கள். ராத்திரி ஐ.ஆர். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், வலை கட்டினால் படம் முழுக்க வெள்ளைதான். மாதம் ஒரு தடவை துணியால் துடைக்க ஏணி எட்டுகிற இடமாகப் பாருங்கள்.

குளச்சல் ஐஸ்:
எங்களுக்கு இடியை விட உப்புக்காற்றுதான் பிரச்சினை, அது உங்களுக்கு இல்லை. ஹார்டு டிஸ்க் கணக்கு சொல்கிறேன். எச்.265-ல் (வீடியோவைச் சுருக்கிப் பதிகிற முறை) ஒரு கேமராவுக்கு 2 எம்.பி.பி.எஸ். (வினாடிக்கு 2 மெகாபிட்) வைத்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜி.பி. ஐந்து கேமராவுக்கு 108 ஜி.பி., 30 நாளைக்கு 3.2 டி.பி. சொச்சம். 4 டி.பி. போதும். சிசிடிவிக்கென்று வருகிற டிஸ்க்கே வாங்குங்கள், பழைய கம்ப்யூட்டர் டிஸ்க் ராப்பகலாக எழுதிக்கொண்டே இருக்கத் தாங்காது.

கரன்ட்: எல்லாம் சேர்த்து 60 வாட்டுக்குள் அடங்கிவிடும். கடை இன்வெர்ட்டரில் 150 ஏ.எச். பேட்டரி இருந்து, வேறு லோடு இல்லாவிட்டால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்து நாள் கணக்கில் கரன்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த மாதிரி நேரத்துக்கு எந்தப் பேட்டரியும் நிற்காது, ஆனால் சாதாரண மழை ராத்திரிக்கு இது தாராளம். ஸ்மோக் ஹவுஸ் பக்கத்துச் சுவிட்சுக்கும் ஒரு குட்டி யு.பி.எஸ். வேண்டும், அதை மறக்காதீர்கள்.

ரெக்கார்டரைக் கல்லா மேசைக்குக் கீழே வைக்காதீர்கள். களவுக்கு வருகிறவன் முதலில் தூக்குவது அதைத்தான்.

குலசேகரம் ஷீட் கடை:
ரொம்ப நன்றி, ஃபைபர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ரெக்கார்டரை மச்சில் பூட்டு போட்டு வைக்கலாம், காற்றோட்டமும் இருக்கிறது. இன்னும் இரண்டு சந்தேகம். மொபைலில் பார்க்க என்ன செய்வது? நாளைக்கு ஸ்டேஷனில் கொடுக்க வேண்டி வந்தால் இந்தப் பதிவு செல்லுமா?

மார்த்தாண்டம் பேக்கரி:
அண்ணா, மொபைலில் பார்க்க கம்பெனி ஆப்பே போதும். ரவுட்டரில் போர்ட் (வெளியே இருந்து நேராக ரெக்கார்டருக்கு வரும் வழி) திறந்துவிடச் சொன்னால் கேட்காதீர்கள். 2016-ல் மிராய் என்ற வைரஸ் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பிடித்தது, பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டிருந்ததால்தான். முதல் நாளே பாஸ்வேர்டை மாற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், வேலைக்கு வந்து போகிறவர்கள் கையில் கொடுக்க வேண்டாம். வாங்கும்போது, 2025 ஏப்ரல் முதல் அரசு கட்டாயமாக்கிய பாதுகாப்புச் சோதனையில் தேறின மாடலா என்றும் கேளுங்கள்.

பதிவு செல்லும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம், பிரிவு 63-ன்படி, வீடியோவோடு ஒரு சான்றிதழ் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதில் ஒரு பகுதி கருவியைப் பொறுப்பில் வைத்திருக்கிற நீங்கள் கையெழுத்துப் போடுவது, இன்னொன்று நிபுணர் போடுவது, ஃபைலின் ஹேஷ் நம்பரும் (ஃபைலை மாற்றினால் மாறிவிடும் அடையாள எண்) அதில் வரும். மொபைலால் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினதை நம்பி இருக்காதீர்கள், ரெக்கார்டரில் இருந்தே எடுங்கள். நேரமும் சரியாக இருக்க வேண்டும். இன்டர்நெட்டில் இருந்து தானே நேரம் எடுக்கிற மாதிரி செட்டிங் உண்டு, அதை ஆன் செய்யுங்கள்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஷீட் அடுக்கவும் தரம் பிரிக்கவும் வருகிற பெண்கள் உடை மாற்றுகிற இடம், பாத்ரூம் பக்கம் எந்தக் கேமராவும் திரும்பக் கூடாது, முற்றத்துக் கேமராவின் ஓரத்தில்கூட அது வரக் கூடாது. அது குற்றம் என்பது ஒரு பக்கம், அவர்கள் நிம்மதியாக வேலை பார்க்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிது. எந்தெந்த இடத்தில் கேமரா இருக்கிறது என்று அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வாசலில் ஒரு போர்டும் வையுங்கள்.

நாகர்கோவில் நெட்வொர்க்:
அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அண்ணே, சுவரில் ஓட்டை போடும் முன்னால் ஒரே ஒரு கேமராவை மட்டும் வாங்கி, ஏணியில் தம்பியைப் பிடிக்கச் சொல்லி ஐந்து இடத்திலும் பகலில் ஒரு தடவை, இருட்டின பிறகு ஒரு தடவை பாருங்கள். குடோன் கதவுக்கு எதிரே சாயங்கால வெயில் நேராக அடிக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். அந்தப் படங்களை இங்கே போடுங்கள், லென்ஸ் அளவு பார்த்துச் சொல்கிறேன், மீதி நான்கையும் அதற்குப் பிறகு வாங்கலாம்.