கீழத்தெரு குளம் வேலை (குழு)

மேலவீட்டுத் தம்பி, 8:40
அத்தை, வெளிநாட்டுல இருக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்குக் குளத்து வேலைக்குக் காசு கேட்டுக் கடிதம் எழுதிட்டேன். தலைப்பு: ‘டு என்ஹான்ஸ் அவர் வில்லேஜ் டேங்க்’. பாத்துட்டுச் சொல்லுங்க.

டீச்சர் அத்தை, 9:05
விவரமெல்லாம் நல்லாருக்குப்பா. அந்த என்ஹான்ஸை மட்டும் எடுத்துடு. நல்லா இருக்கிற ஒண்ணை இன்னும் எடுப்பாக்குறதுக்குத்தான் அந்தச் சொல். அதோட வேர்ல லத்தீன்ல ‘உயரம்’னு அர்த்தம். நம்ம குளம் தூர்ந்து, ஆகாயத்தாமரை மூடிக் கெடக்கு. அந்தச் சொல்லைப் படிச்சா, குளத்துல தண்ணி இருக்கு, சுத்தி நடைபாதையும் விளக்கும்தான் கேக்குறாங்கன்னு நெனச்சுப்பாங்க.

கீழவீட்டு மாமா, 9:11
அதே கவலைதான் எனக்கும். விளக்குக்குக் காசு வந்து என்ன செய்ய? இம்ப்ரூவ்னு போடலாமா?

டீச்சர் அத்தை, 9:20
தப்பில்லண்ணே. எனக்குப் பிடிச்ச சொல். பழைய பிரெஞ்சுல ‘லாபம்’ங்கிற சொல்லுலேருந்து வந்தது. நெலத்தைப் பண்படுத்தி வருமானம் எடுக்கிறதைத்தான் முன்னே அப்படிச் சொன்னாங்க. ஆனா ஒரு காலத்துல இது நெறஞ்சு கெடந்த குளம்னு அது சொல்லாது. ரெஸ்டோர் சொல்லும். போனதைத் திருப்பிக் கொண்டாறதுன்னா அதான்.

மேலவீட்டுத் தம்பி, 9:24
அகராதில அமீலியரேட்டுன்னும் இருக்கே அத்தை?

டீச்சர் அத்தை, 9:31
அது மோசமான நெலமையைக் கொஞ்சம் தணிக்கிறதுக்கு. வறுமை, நோவு, நெருக்கடி இதுக்கெல்லாம் வரும். களர் மண்ணுக்கு ஜிப்சம் போடுறதையும் மண் ஆராய்ச்சிக்காரங்க அப்படி எழுதுவாங்க. குளத்துக்கு வேணாம், படிக்கிறவங்க தடுமாறிப்போவாங்க.

கீழவீட்டு மாமா, 9:36
மதகுப் பலகை உளுத்துப்போச்சு. அதுக்கும் ரெஸ்டோர்தானா?

டீச்சர் அத்தை, 9:38
அதுக்கு ரிப்பேர் போதும்ண்ணே. கரையை அகலப்படுத்துறது இம்ப்ரூவ். எல்லாம் முடிஞ்சு கரையில புங்கனும் மருதமும் வச்சா, அன்னிக்கு என்ஹான்ஸ் எழுதிக்கலாம்.

மேலவீட்டுத் தம்பி, 9:52
மாத்திட்டேன். ‘டு ரெஸ்டோர் அவர் வில்லேஜ் டேங்க் அண்ட் இட்ஸ் இன்லெட் சேனல்’. வாய்க்காலையும் சேத்துட்டேன், சரியா?

டீச்சர் அத்தை, 9:54
ரொம்பச் சரி. பாமணியாத்துத் தண்ணி வர வழியில்லாம குளத்தை மட்டும் வெட்டி என்ன பண்றது.

கீழவீட்டு மாமா, 9:57
இன்னிக்கே அனுப்பிடு தம்பி. ஜூன் 12 மேட்டூர் தெறந்துட்டா வாய்க்கால்ல மண்வெட்டி வைக்க முடியாது.