லேப்டாப்பில் விளக்கு எரிகிறது, திரை வரவில்லை: ஃபார்மட் செய்யத்தான் வேண்டுமா?

வகுப்பறை:
வணக்கம். ஆறு வருட லேப்டாப், விண்டோஸ் 10, 4 ஜிபி ராம் இரண்டு, 512 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க். ஒரு மாதமாகவே நீலத்திரை வந்து தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. ஒரு நாள் ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று காட்டும், மறுநாள் வேறு ஏதோ. நேற்று இரவு பத்தாம் வகுப்பு வினாத்தாள் அடித்துக்கொண்டிருந்தபோது அப்படியே உறைந்து நின்றது, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன், அதோடு சரி. இப்போது ஆன் செய்தால் விளக்கு எரிகிறது, ஃபேன் நாலைந்து வினாடி சுற்றி நிற்கிறது, மறுபடி தானே சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. கடையில் பார்த்தவுடனே "விண்டோஸ் போயிடுச்சு, ஃபார்மட் போட்டுடலாம்" என்கிறார். ஆறு வருட வினாத்தாள், அப்பா இருந்தபோது எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான், வேறு எங்கும் காப்பி இல்லை. என்ன செய்யட்டும்?

வைகைக்கரை:
தயவுசெய்து ஃபார்மட்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள் மேடம். விண்டோஸ் மட்டும் கெட்டிருந்தால் முதலில் கம்பெனி லோகோவாவது வந்திருக்கும், அதைக் காட்டுவது விண்டோஸ் அல்ல, அதற்கு முன்பே ஓடும் பயாஸ் என்ற மதர்போர்டு மென்பொருள். உங்களுக்கு அதுவே வரவில்லை என்றால் கோளாறு அதற்கும் முன்னால் இருக்கிறது. சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடித்து, அப்புறம் சார்ஜர் போட்டு ஆன் செய்து பாருங்கள். டிவியில் எச்டிஎம்ஐ கேபிள் செருகியும் பாருங்கள், படம் வந்தால் திரைதான் கோளாறு.

ஸ்க்ரூடிரைவர்:
ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பிழை காட்டியது என்கிறீர்களே, எனக்கு ராம் (தற்காலிக நினைவகம்) மேல்தான் சந்தேகம். பின்மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிட்டு ராமை எடுங்கள், இரண்டு பக்கக் கொக்கியையும் வெளியே தள்ளினால் அதுவே சாய்ந்து எழும். தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் தூளை ஊதிவிட்டு, ஒன்றை மட்டும் போட்டு, பேட்டரியை மறுபடி இணைத்து ஆன் செய்யுங்கள். வரவில்லையா, மறுபடி பேட்டரியைக் கழற்றிவிட்டு அதே ஸ்லாட்டில் (ராம் செருகும் இடத்தில்) மற்றதைப் போடுங்கள், அப்புறம் ஸ்லாட்டை மாற்றுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான், இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது. ராம் மாற்றியபின் முதல் தடவை திரை வர ஒன்றிரண்டு நிமிடம் ஆகலாம், உடனே அணைத்துவிடாதீர்கள்.

வகுப்பறை:
வந்துவிட்டது!! 30 வினாடி வைத்தியத்தில் ஒன்றும் நடக்கவில்லை, டிவியிலும் படம் இல்லை. தம்பியைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னேன். ஒரு ராமைப் போட்டால் இரண்டு ஸ்லாட்டிலும் லோகோ வருகிறது, மற்றதைப் போட்டால் எதிலும் வரவில்லை. விண்டோஸும் திறந்துவிட்டது, ஆனால் நாலைந்து வேர்ட் ஃபைல் ‘கெட்டுவிட்டது’ என்று சொல்கிறது. டிஸ்க் செக் ஓட்டட்டுமா?

ஸ்க்ரூடிரைவர்:
வேண்டாம், முதலில் காப்பி. கெட்ட ராம் இருக்கும்போது சேமித்ததெல்லாம் ராம் வழியாகத்தானே டிஸ்க்குக்குப் போகிறது, போகிற வழியிலேயே பிழையாகி எழுதப்பட்டிருக்கலாம். அதனால் கடைசி ஒரு மாதம் தொட்ட ஃபைல்களைத் தனியாகத் திறந்து பாருங்கள், பழைய படங்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இப்போது நல்ல ராம் மட்டும் இருக்கும் நிலையில் வெளி டிஸ்க்குக்கு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், அதன்பிறகு டிஸ்க் செக் ஓட்டலாம். மிச்சமிருக்கும் ராமையும் சோதிக்க, மெம்டெஸ்ட்86+ என்ற ராம் சோதனை மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு ஓர் இரவு ஓட விடுங்கள், ஒரே ஒரு பிழை வந்தாலும் அதையும் நம்பாதீர்கள்.

வைகைக்கரை:
டிஸ்க் பிட்லாக்கரில் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு வசதி) பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள் மேடம். இருந்தால் அந்த 48 இலக்க மீட்பு எண்ணை இன்றைக்கே தாளில் எழுதி வையுங்கள், நாளைக்கு மதர்போர்டு மாற்ற நேர்ந்தால் அது இல்லாமல் டிஸ்க் திறக்காது.

வகுப்பறை:
அப்பா படங்கள் எல்லாம் திறக்கின்றன, இப்போது காப்பி ஓடுகிறது. உங்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. புது ராம் எதைக் கேட்டு வாங்குவது?

ஸ்க்ரூடிரைவர்:
கழற்றிய ராமையே கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதன் வகை டிடிஆர்4 என்று ஒட்டியிருந்தால் லேப்டாப்புக்கான டிடிஆர்4தான் வேண்டும், டிடிஆர்3 அந்த ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது. 4க்குப் பதில் 8 ஜிபியாக வாங்கிவிடுங்கள்.