பிளஸ் ஒன் படிக்கற பொண்ணு நாவல் எழுதறா, காசு கட்டி புக்கா போடலாமா?

புரசைவாக்கம் அம்மா:
வணக்கம் ஃப்ரெண்ட்ஸ். பொண்ணு பிளஸ் ஒன், பயாலஜி குரூப். லீவு விட்டா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமே கதின்னு கிடப்பா. எஸ்.இ. ஹின்டன் எழுதின 'தி அவுட்சைடர்ஸ்' படிச்சதுல இருந்து இவளும் ஒரு நாவல் எழுதறேன்னு லாங் சைஸ் நோட்டை ரொப்பிட்டு இருக்கா, கெமிஸ்ட்ரி ரெக்கார்டு அப்படியே கிடக்கு, கேட்டா "அவங்க பதினஞ்சு வயசுல ஆரம்பிச்சாங்கம்மா"ன்னு என் வாயை அடைக்கறா. நிஜமா அது? ஒரு பதிப்பகத்துல நாப்பதாயிரம் கட்டினா புக் ஃபேருக்குள்ள போட்டுத் தரேங்கறாங்க, இளம் எழுத்தாளர்னு ஷீல்டும் உண்டாம். வீட்டுக்காரர் கட்டிடலாம்ங்கறார், எனக்குத்தான் மனசு ஒப்பல. இதை நம்பிப் பொழைக்க முடியுமா?

வேளச்சேரி வாசகி:
நிஜம்தாங்க. அமெரிக்கால ஓக்லஹோமா மாநிலத்துல துல்சான்னு ஊர், ஸ்கூல் படிக்கறப்பவே எழுதினது. கூடப் படிச்ச ஃப்ரெண்டு ஒருத்தனை சினிமா பாத்துட்டு வர வழியில அடிச்சுட்டாங்க, அந்த ஆத்திரத்துல எழுத உக்காந்தாங்க. 1967ல வைகிங்ங்கற பதிப்பகம் போட்டப்ப வயசு பதினெட்டு. பொண்ணு எழுதினதுன்னு தெரிஞ்சா ஆம்பள விமர்சகருங்க ஒதுக்கிடுவாங்கன்னு சூசன்ங்கற பேரை விட்டுட்டு வெறும் இனிஷியல் போடச் சொன்னதே பதிப்பகம்தான். இத்தனைக்கும் அதை எழுதிட்டு இருந்த வருஷம் கிளாஸ்ல கிரியேட்டிவ் ரைட்டிங்குக்கு வாங்கினது 'டி' கிரேடு 😂

ஆனா உங்க பொண்ணு சொல்லாத மீதிக் கதை ஒண்ணு இருக்கு. பேர் வந்ததும் ஹின்டனுக்கு எழுத்தே ஓடல, எல்லாரும் அடுத்து என்ன அடுத்து என்னன்னு பாக்கறாங்கங்கற பயத்துலயே வருஷக்கணக்கா பேனாவைத் தொடல. பின்னாடி புருஷனா வந்தவர், தினம் ரெண்டு பக்கம் எழுதினாத்தான் வெளிய கூட்டிட்டுப் போவேன்னு கண்டிஷன் போட்டு, அப்படி வந்தது 1971 புக். அடுத்தது 1975, 1979, அப்புறம் 1988. டீன் ஏஜ் பசங்களுக்குன்னு மொத்தமே அஞ்சு நாவல்தான். எனக்கு அந்த ரெண்டு பக்கம்தான் பெருசாத் தெரியுது, பதினஞ்சு வயசு இல்ல.

அச்சுப்பிழை:
மேடம், நான் ராயப்பேட்டைல பிரூஃப் பாக்கற ஆளு. காசு கட்டாதீங்க. ஐஎஸ்பிஎன், அதான் ஒவ்வொரு புக்குக்கும் தர்ற தனி நம்பர், அதை வாங்கித் தரோம்னு அதுக்கும் ஒரு சார்ஜ் போடுவாங்க பாருங்க, நம்ம நாட்டுல அதை அரசாங்கம் இலவசமாத் தருது. புக்கை மொத்தமா உங்க வீட்டுல இறக்கிட்டுப் போயிடுவாங்க, கட்டிலுக்கு அடியில கிடக்கும்.

பொழப்பு பத்திக் கேட்டீங்க. ராயல்டி பொதுவா பத்து பர்சன்ட், 200 ரூபா புக்கு 500 காப்பி வித்தாலும் கைக்கு வர்றது பத்தாயிரம், அதுவும் கணக்கு ஒழுங்கா குடுத்தா. ஹின்டன் புக் கோடிக்கு மேல வித்திருக்குன்னா அமெரிக்கால ஸ்கூலுக்கு ஸ்கூல் அதைப் பாடமா வச்சதும் முக்கிய காரணம். இங்க அந்த வயசுக்குன்னு தனி ஷெல்ஃபே கிடையாது, சிறுவர் கதை முடிஞ்சா நேரா பொன்னியின் செல்வன்.

மாம்பலம் மாமா:
ரெக்கார்டை முதல்ல முடிக்கச் சொல்லுங்கோ, பிராக்டிகல் மார்க் போனா ஹின்டன் வந்து தரமாட்டா.

லைப்ரரி டீச்சர்:
மாமா 🙏 அந்தப் புக் 1983ல படமானதே ஸ்கூல் பசங்களாலதான். கலிஃபோர்னியால ஒரு ஸ்கூல் லைப்ரரியன், பசங்ககிட்டல்லாம் கையெழுத்து வாங்கி ஹாலிவுட் டைரக்டர் கொப்போலாவுக்கு லெட்டர் போட்டாங்க, அவரும் எடுத்துட்டார். அதனால ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சிஸ்டர், பொண்ணோட கிளாஸ்ல யாராச்சும் அந்த நோட்டைப் படிக்கறாங்களா?

புரசைவாக்கம் அம்மா:
படிக்கறாங்களாவா, நோட்டு இப்ப எங்க வீட்டுலயே இல்ல மேடம், ஸ்கூல் வேன்ல ஒரு ஒன்பதாங்கிளாஸ் பொண்ணு வாங்கிட்டுப் போயிருக்கா, அடுத்து யாருன்னு அதுக்குள்ள சண்டை. ஐஎஸ்பிஎன் மேட்டரை வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டினேன், பதிலே பேசல. பணம் கட்டல, முடிவு பண்ணியாச்சு. ரெக்கார்டுல இன்னும் நாலு எக்ஸ்பெரிமென்ட் பாக்கி மாமா.

அச்சுப்பிழை:
நோட்டு திரும்பி வந்ததும் முதல் வேலையா எல்லாப் பக்கத்தையும் போன்ல ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க. இருக்கறது ஒரே காப்பி.