"ஓவர்ரைடு" = மேலிடு? (சூழல் மாறிகள், ஷெல் கையேடு)

வணக்கம் நண்பர்களே,

ஷெல் கையேட்டின் தமிழாக்கத்தில் ஓவர்ரைடுக்கு (ஒரு மதிப்பு இன்னொன்றை முந்திக்கொண்டு செல்லுபடியாவது) "மேலெழுது" என்றே போட்டுவிடலாம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேலெழுதினால் பழையது அழிந்துபோகும். இருக்கும் கோப்பின் பெயரிலேயே இன்னொன்றைச் சேமித்தால் நடப்பது அதுதான், அதாவது ஓவர்ரைட். அந்தச் சொல் அங்கேயே இருக்கட்டும்.

இங்கே கதை வேறு. பேஷில் (நாம் அடிக்கும் கட்டளைகளை இயக்கும் ஒரு ஷெல்) இப்படி அடிக்கிறோம்:

லேங்=சி விம் குறிப்பு

லேங் (LANG) என்பது மொழி அமைப்பைச் சொல்லும் சூழல் மாறி, அதாவது நிரல்களுக்கு ஷெல் கொடுத்தனுப்பும் பெயரிட்ட மதிப்பு. சி (C) அதற்கு நாம் தரும் மதிப்பு, விம் ஓர் உரைத்தொகுப்பி, குறிப்பு என்பது கோப்பின் பெயர். இடையில் அரைப்புள்ளி கிடையாது, எக்ஸ்போர்ட்டும் (மாறியைச் சூழலில் சேர்க்கும் கட்டளை) கிடையாது. ஷெல் தன் சூழலின் நகலை விம்முக்குக் கொடுக்கும்போது இந்த ஒரு மதிப்பை மட்டும் மாற்றிக் கொடுக்கிறது. விம்ஆர்சியில் (விம்மின் அமைப்புக் கோப்பு) வேறு சொல்லியிருந்தாலொழிய, விம் அதைப் பார்த்து எழுத்துக் குறியாக்கம் லத்தீன்-1 என்று எடுத்துக்கொள்ளும். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு யூனிகோட் குறியீட்டுக்கும் மூன்று பைட் பிடிக்கும் தமிழ், திரையில் சிதறிவிடும். சரி, விம்மை மூடிவிட்டு எக்கோ கட்டளை போட்டு லேங்கின் மதிப்பைப் பாருங்கள். பழைய மதிப்பு அப்படியே இருக்கும். எதுவும் அழியவில்லை.

"மீறு" என்பதில் குற்றவாடை அடிக்கிறது. இது ஷெல்லே தரும் வசதி. "புறக்கணி" ஏற்கெனவே இக்னோருக்குப் போய்விட்டது.

என் பரிந்துரை "மேலிடு". ஆத்திரம் மேலிட, உணர்ச்சி மேலீட்டால் என்றெல்லாம் அன்றாடம் எழுதுகிறோம். ஆத்திரம் மேலிட்டால் ஒருவரின் இயல்புக் குணம் தொலைந்துபோவதில்லை. அந்த நேரத்துக்கு இது முந்திக்கொள்கிறது, அடங்கியதும் அது திரும்பிவிடுகிறது. நமக்கு வேண்டிய பொருள் இதுவேதான்.

முன்னுரிமை வரிசையைச் சொல்லவும் இது கைகொடுக்கிறது. லேங்=சி கொடுத்தும் விம் அசையவில்லையா? எல்சி_ஆல் (LC_ALL, மொழி அமைப்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவான மாறி) ஏற்கெனவே அமைந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் லேங்கைவிட அதுவே மேலிடும்.

"மேலிடு செயப்படுபொருள் குன்றிய வினையாயிற்றே, மாறியை மேலிடு என்று எழுதலாமா?" என்று இங்கே ஐயா ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி. அப்படி எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. மேலிடுவது மதிப்பு, நாம் அதை மேலிடச் செய்கிறோம். கையேட்டில், "இந்த ஒரு கட்டளைக்கு மட்டும் புதிய மதிப்பு மேலிடும்" என்று வரட்டும். பெயர்ச்சொல்லுக்கு "மேலீடு". பொருள்நோக்கு நிரலாக்கத்திலும் சேய் வகுப்பின் செயற்கூறு மேலிடும்போது தாய் வகுப்பினுடையது அழிவதில்லை என்பதால், அங்கேயும் இதையே வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஒன்று. ஒரு நிரலைத் தொடங்கும்போது என்வ் கட்டளைக்கு "-ஐ" (-i) என்ற தெரிவைக் கொடுத்தால் சூழலே காலியாகத் தொடங்குகிறது. அதை மேலீடு என்று சொல்ல முடியாது. "வெற்றுச்சூழல்" என்று வைக்கலாமா? மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.