ஓப்பன் பாதியில் தோற்றால்: நெட்வொர்க் டிரைவர் க்ளீனப் அனுபவங்கள்

லினக்ஸில் நெட்வொர்க் டிரைவரின் ஓப்பன் (இடைமுகத்தை இயக்கும் ஃபங்ஷன்) பிழையோடு திரும்பினால், கெர்னல் அதன் ஸ்டாப்பைக் (நிறுத்தும் ஃபங்ஷன்) கூப்பிடாது. ரிங் (பாக்கெட் விவரங்களை வைக்கும் சுழல் வரிசை) ஒதுக்கி, ஐஆர்க்யூ (இன்டரப்ட் எண்) வாங்கி, மூன்றாம் படியில் சறுக்கினால் முதல் இரண்டையும் ஓப்பனேதான் தலைகீழ் வரிசையில் விட வேண்டும். பிழையில் தாவும் கோடூ (goto) லேபிளுக்கு எர்1, எர்2 என்று எண் போடாதீர்கள். நடுவில் ஒரு படி சேரும்போது குழம்பும். எதை விடுவிக்கிறதோ அதன் பெயரையே வையுங்கள்: எர்_ஃப்ரீ_ரிங்.

* * *

சிலர் சோம்பல்பட்டு ஓப்பனின் பிழை வழியில் ஸ்டாப்பையே கூப்பிடுவார்கள். எனேபிள் ஆகாத நாபியின் (NAPI, பாக்கெட்டுகளைத் தொகுதியாக எடுக்கும் கெர்னல் முறை) மேல் நாபி_டிசேபிள் போனால் திரும்பியே வராது. ஆர்டிஎன்எல் பூட்டும் (நெட்வொர்க் அமைப்பு மாற்றங்களை ஒவ்வொன்றாக நடத்தும் பூட்டு) கையில் இருப்பதால், அடுத்து அடிக்கும் ஐபி லிங்க் கட்டளையும் சேர்ந்து உறையும். பார்ப்பவர் கார்டு செத்துவிட்டது என்றே நினைப்பார்.

* * *

டெவ்எம் (டிவைஸ் போகும்போது வளங்களைக் கெர்னலே விடுவிக்கும் வசதி) போட்டால் கவலையில்லை என்பது பாதி உண்மை. டெவ்எம் வளங்கள் ரிமூவ் (டிரைவரைக் கழற்றும் ஃபங்ஷன்) முடிந்த பிறகுதான் விடுபடும். ஐஆர்க்யூ டெவ்எம்மில், நெட்டெவ் (நெட்வொர்க் டிவைஸின் ஸ்ட்ரக்சர்) மட்டும் ரிமூவில் கையால் ஃப்ரீ என்றால், இடையில் வரும் இன்டரப்ட் செத்த நினைவகத்தைத் தொடும். பகிர்ந்த ஐஆர்க்யூவில் இது எளிதில் கடிக்கும். இரண்டும் டெவ்எம், அல்லது இரண்டும் கையால். கலக்காதீர்கள்.

* * *

டிஎக்ஸ் டைம்அவுட்டையும் (அனுப்புதல் சிக்கிக்கொண்டால் கெர்னல் கூப்பிடும் கால்பேக்) சேர்த்துக்கொள்ளுங்கள். சிக்கலைக் கவனிக்கும் வாட்ச்டாக்குக்கு நேரம் கொடுக்காவிட்டால் 5 விநாடி. அந்த கால்பேக்கில் தூங்கக்கூடாது, அதனால் ரீசெட்டை வொர்க்கில் (பின்னால் தனியாக ஓடும் வேலை) தள்ளுவோம். வொர்க் ஆர்டிஎன்எல்லுக்குக் காத்திருக்கும். ஸ்டாப் அதே பூட்டைப் பிடித்தபடி கேன்சல்_வொர்க்_சிங்க்கில் வொர்க்குக்குக் காத்திருக்கும். இரண்டும் நகராது. கேன்சலை ரிமூவில், அன்ரெஜிஸ்டர்_நெட்டெவ் முடிந்த பிறகு, ஃப்ரீ_நெட்டெவ்வுக்கு முன் வையுங்கள். வொர்க்கில் பூட்டு கிடைத்ததும் நெட்இஃப்_ரன்னிங் (இடைமுகம் இயங்குகிறதா) பாருங்கள். இல்லையென்றால் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

* * *

அனுப்பும் வழியில் டிஎம்ஏ மேப் (கார்டு நினைவகத்தை நேரடியாகப் படிக்க முகவரி தருவது) தோற்றால், அதுவரை மேப் செய்த துண்டுகளை அன்மேப் செய்து, பாக்கெட்டை விடுவித்து, ஓகே என்றே திருப்புங்கள். விடுவித்துவிட்டு பிஸி என்றால், மேலடுக்கு அதே பாக்கெட்டை மறுபடி அனுப்பும். பிறகு கசான் (நினைவகப் பிழையைக் காட்டும் கெர்னல் கருவி) அலறும். மேப் தோல்வியை நல் பாயிண்டரோடு ஒப்பிடாதீர்கள், டிஎம்ஏ_மேப்பிங்_எரர் எதற்கு இருக்கிறது?

* * *

கார்டைப் பிடுங்கிவிட்டால் பிசிஐ ரெஜிஸ்டர் படிப்பில் 32 பிட்டும் 1 ஆக வரும். "ரீசெட் முடிந்ததா" என்று ஒரு பிட் 0 ஆகும்வரை சுற்றும் லூப்புக்கு எல்லை இல்லையென்றால் ரிமூவும் முடியாது. ஓப்பனின் பிழை வழிகளைச் சோதிக்க ஃபெயில்ஸ்லாப்பை (நினைவக ஒதுக்கீட்டை வேண்டுமென்றே தோற்கடிக்கும் வசதி) இயக்கி, ஓப்பனையும் ஸ்டாப்பையும் லூப்பில் ஓட்டுங்கள், கூடவே கேமெம்லீக் (நினைவகக் கசிவைக் காட்டும் கருவி).