கேமராவின் சி1-இல் பதிந்த அமைப்பு நடுவில் தானாகவே பழைய நிலைக்குத் திரும்புகிறது: காரணம் என்ன?

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவை மூன்று ஆண்டுகளாக நான்தான் படம் பிடித்து வருகிறேன். இவ்வாண்டு கேனன் ஆர்10 கேமரா வாங்கியிருப்பதால், தீமிதிக்கென்று எம் முறை (எல்லாவற்றையும் நாமே வைக்கும் மேனுவல்), ஷட்டர் 1/250 நொடி, துவாரம் எஃப்2.8, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200, சத்தம் வராமலிருக்க எலக்ட்ரானிக் ஷட்டர் என ஒரு தொகுப்பை அமைத்து, அதை மோட் டயலில் சொந்த அமைப்புகளைச் சேமிக்கும் இடமான சி1-இல் பதிந்து வைத்திருந்தேன்.

பூக்குழிக்கு அருகே வெளிச்சம் போதாததால் ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றினேன். படங்களும் நன்றாகவே வந்தன. பிறகு கரகம் வரும்வரை காத்திருந்து, கரகம் சுமந்தவர் குழியில் கால் வைத்த அந்த நேரத்தில் எடுத்த படங்கள் மட்டும் இருண்டுவிட்டன. பார்த்தால் ஐஎஸ்ஓ மறுபடியும் 3200இல் நிற்கிறது. மீண்டும் ஏற்றியதும் அடுத்து இறங்கிய பத்துப் பேரும் தெளிவாக வந்தார்கள். அன்னதானத்தின்போது பழைய கதைதான். எப்போதும் இப்படி நடந்தால் பழுது என்று ஒப்புக்கொள்ளலாம், ஆனால் மாற்றியது சில நேரம் நிற்கிறது, சில நேரம் நிற்பதில்லை என்பதுதான் குழப்பமாக இருக்கிறது. நான் டயலைத் திருப்பவும் இல்லை, கேமராவை அணைக்கவும் இல்லை. வாங்கிய கடையில் கேட்டதற்கு, இரண்டு வாரம் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள்.

இன்னொன்று: மண்டபத்துக்குள் எடுத்த படங்களில் வெள்ளைச் சுவரின் மீது குறுக்காகக் கருங்கோடுகள் விழுந்துள்ளன. இரண்டும் ஒரே கோளாறா?

மறுமொழி (ஈப்போ)

தம்பி, கேமராவைக் கடையில் விடுவதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். மெனுவில், தொடாமல் விட்டால் கேமரா தானாக உறங்கிவிடும் ‘ஆட்டோ பவர் ஆஃப்’ எத்தனை நிமிடத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, சி1-இல் ஐஎஸ்ஓவை மாற்றிவிட்டு, எந்தப் பொத்தானையும் தொடாமல் திரை இருளும்வரை விட்டுவிடுங்கள். பிறகு ஷட்டரை அரை அழுத்தம் அழுத்தி ஐஎஸ்ஓவைப் பாருங்கள். கரகத்துக்காகக் காத்திருந்தேன் என்று நீங்கள் எழுதியிருப்பதில்தான் விடை இருப்பதாக எனக்குப் படுகிறது.

கேட்டவர்

அண்ணன் சொன்னபடியே சாப்பாட்டு மேசையில் மைலோ டின்னுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆட்டோ பவர் ஆஃப் ஒரு நிமிடத்தில் இருந்தது. திரை அணைந்தபின் அரை அழுத்தம் கொடுத்தேன், 3200! உடனே மறுபடியும் 6400 வைத்து, இருபது நொடிக்கு ஒருமுறை பொத்தானைத் தொட்டுக்கொண்டே ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அசையவே இல்லை.

மறுமொழி (கிள்ளான்)

அப்படியானால் பழுதில்லை: கேமரா தானாக உறங்கி எழும்போது சி1 நீங்கள் பதிந்த நிலைக்கே திரும்பிவிடுகிறது. தீர்வு எளிது. ‘கஸ்டம் ஷூட்டிங் மோட்’ என்ற பகுதிக்குள் ‘ஆட்டோ அப்டேட் செட்’ என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் நீங்கள் கடைசியாக மாற்றியதெல்லாம் சி1-இலேயே பதிந்துவிடும். ஃபியூஜி கேமராக்களிலும் இதே போன்ற வசதி உண்டு; நான் அதை எப்போதும் இயக்கியே வைத்திருக்கிறேன்.

மறுமொழி (ஈப்போ)

கிள்ளான் நண்பர் சொல்வது சரிதான். ஆனால் திருவிழா வேலைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்களை எடுக்க ஷட்டரை 1/100க்கு இறக்கியிருப்பீர்கள், அதுவும் சி1-இல் பதிந்துவிடும், பிறகு பூக்குழிக்கு ஓடிவந்து டயல் சி1-இல் இருக்கிறதே என்று நம்பி எடுத்தால், ஓடுகிறவர்களின் கால்கள் எல்லாம் கலங்கிப்போய்விடும். எத்தனை முறை குழப்பினாலும் டயலை ஒரு திருப்புத் திருப்பினால் நாம் முதலில் வைத்த நிலைக்கே திரும்பி வரலாம் என்பதற்காகத்தானே சி1?

ஆகவே ‘ஆட்டோ அப்டேட்’ அணைந்தபடியே இருக்கட்டும். 6400தான் தேவை என்று இப்போது தெரிந்துவிட்டதால், அதை வைத்துக்கொண்டு ‘ரெஜிஸ்டர் செட்டிங்ஸ்’ மூலம் சி1-இல் மறுபடியும் பதிந்துவிடுங்கள். மண்டபத்துக்குத் தனியாக, டயலில் இருக்கும் இரண்டாவது சேமிப்பிடமான சி2-ஐ வைத்துக்கொள்ளுங்கள். திருவிழா இரவில் மட்டும் ஆட்டோ பவர் ஆஃப் நேரத்தை நீட்டிவையுங்கள். எல்பி-ஈ17 சிறிய பேட்டரி என்பதால் சட்டைப் பையில் இன்னொன்று இருக்க வேண்டும். ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடலாமே என்று சிலர் சொல்வார்கள். நெருப்பு படச்சட்டத்துக்குள் நுழைந்ததும் கேமரா அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு முகங்களைக் கருக்கிவிடும் என்பதால் நான் அதைத் தொடுவதில்லை.

கோடுகள் வேறு சங்கதி. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகின்றன. எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை ஒரே வேளையில் அல்லாமல் வரிவரியாகப் படிக்கிறது. 1/250 என்பது ஒரு துடிப்பின் பாதியைக்கூட எட்டாத நேரம் ஆகையால், விளக்கு மங்கியிருந்தபோது படிக்கப்பட்ட வரிகள் கருங்கோடாக விழுகின்றன. சி2-இல் மெக்கானிக்கல் ஷட்டரும் 1/100ம் வையுங்கள். 1/100 நொடியில் ஒரு துடிப்பு முழுவதும் அடங்கிவிடும். வேகமான ஷட்டர் வேண்டுமென்றால் ‘ஆன்டி ஃப்ளிக்கர்’ வசதியை இயக்கலாம். அது விளக்கு பிரகாசமாக இருக்கும் கணத்துக்காகக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும். அதனால் தொடர் படங்களின் வேகம் சற்றுக் குறையலாம். எலக்ட்ரானிக் ஷட்டரில் இந்த வசதி வேலை செய்யாது. உறுமி மேளம் அடிக்கும் இடத்தில் ஷட்டர் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது!

கேட்டவர்

நேற்று வெள்ளிக்கிழமைப் பூசையில் சோதித்தேன். சி1-ஐப் புதிதாகப் பதிந்தபின், கேமரா உறங்கி எழுந்தாலும் 6400 அப்படியே இருக்கிறது. மண்டபத்தில் 1/100இல் சுவர் சுத்தமாக வந்தது. அம்மனுக்குப் பின்னால் சுற்றும் எல்இடி ஒளிவட்டத்துக்கு அருகே மட்டும், ஆன்டி ஃப்ளிக்கர் போட்டும், 1/250இல் மெல்லிய கோடுகள் இன்னும் தெரிகின்றன.

மறுமொழி (ஈப்போ)

அந்த ஒளிவட்டம் மின்சாரத்தின் துடிப்போடு ஒத்துப்போகாமல், தன் சொந்தச் சுற்றில் மிக வேகமாக அணைந்து எரிகிற வகையாக இருக்கும். ஆன்டி ஃப்ளிக்கர் 100, 120 ஹெர்ட்ஸ் துடிப்புகளை மட்டுமே கண்டுபிடிக்கும். அங்கே 1/100க்கோ 1/50க்கோ இறக்கிப் பாருங்கள்; அம்மன் எங்கும் ஓடப்போவதில்லை. அப்படியும் போகாவிட்டால், தீபாராதனை முடிகிறவரை ஒளிவட்டத்தை அணைத்து வைக்கும்படி ஐயரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.