38 வயதில் முதன்முறையாக ஜிம்மில் சேர விரும்புகிறேன், ஆனால் உள்ளே நுழையவே அச்சமாக இருக்கிறது

நெல்லைத் தென்றல்:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். காலை பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் மதிய உணவு நேரம் தவிர மாலை ஆறு மணி வரை எழுந்திருப்பதில்லை. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சர்க்கரை நோய் உண்டு. சென்ற மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எனக்கு எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 5.9 என்று வந்தது. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், நடைப்பயிற்சியோடு தசைகளுக்கும் வேலை கொடுங்கள் என்று மருத்துவர் அறிவுறுத்தினார்.

எங்கள் தெருவிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு ஜிம் இருக்கிறது. மூன்று முறை அதன் மாடிப்படி வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். பள்ளியில் விளையாட்டு வகுப்பின்போதுகூட மரத்தடியிலேயே உட்கார்ந்து பழகியவள் நான். எந்த மெஷினில் எப்படி உட்கார வேண்டும் என்றுகூடத் தெரியாத ஒருத்தி உள்ளே போனால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்ற நினைப்பு காலைக் கட்டிப்போடுகிறது. முதலில் வீட்டிலேயே சில மாதங்கள் எடையைக் குறைத்துவிட்டுப் பிறகு சேரலாமா? எந்த உடை ஏற்றது? ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகச் செலுத்தினால் பாதித் தள்ளுபடி என்கிறார்கள், அதை நம்பலாமா? புரதப் பொடி கட்டாயமா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கணக்கு டீச்சர், மதுரை:

சகோதரி, நான் 43 வயதில் சேர்ந்தவள், இப்போது 46 ஆகிறது. படிக்கட்டு வரை போய்த் திரும்புவது எனக்கும் நடந்திருக்கிறது என்பதால் உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஒருவரும் உங்களைப் பார்க்க மாட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் நாள் என்னை நான்கைந்து பேர் பார்த்தார்கள். ஆனால் அது பேருந்தில் புதிதாக ஏறுபவரை ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பது போன்ற பார்வைதான். அடுத்த நிமிடமே அவரவர் தம் எண்ணிக்கைக்குத் திரும்பிவிட்டார்கள். மூன்றாவது வாரத்தில், நான் இரண்டு நாள் வராததைக் கவனித்து, உடல்நலம் சரியில்லையா என்று ஒரு கல்லூரி மாணவி விசாரித்தபோது அந்த இடம் எனக்குச் சொந்தமாகிவிட்டது.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் வெறுமனே பார்ப்பதற்காகப் போய் வாருங்கள். காலை ஆறு முதல் எட்டு வரையும் மாலை ஆறு முதல் ஒன்பது வரையும் பொதுவாகக் கூட்டம் இருக்கும். உங்கள் வேலை பத்து மணிக்குத் தொடங்குவதால் காலை எட்டரை மணி ஏற்றதாக இருக்கலாம். பெண்களுக்கென்று தனி நேரம் உண்டா, உடை மாற்றும் அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, பெண் பயிற்சியாளர் எந்த நேரத்தில் இருப்பார் என்பவற்றை அப்போதே கேட்டுவிடுங்கள்.

உடையில் ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன், துப்பட்டா வேண்டாம். கூச்சத்தின் காரணமாக முதல் நாள் அதைக் கழற்றாமலே சைக்கிள் மெஷினில் ஏறினேன். அதன் முனை பெடலில் சிக்கிக் கழுத்தை இழுத்துவிட்டது. அருகிலிருந்தவர் ஓடிவந்து பெடலைப் பின்னோக்கிச் சுழற்றி விடுவித்தார். டிரெட்மில்லில் அப்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. நீளமான தளர்ந்த பருத்திச் சட்டையும் பேண்டும் போதும். வெளியில் போடாத ஒரு ஜோடி ஷூவும், மெஷினில் படியும் வியர்வையைத் துடைக்க ஒரு துண்டும் கொண்டுபோங்கள்.

எடையைக் குறைத்த பிறகே சேர்வேன் என்பது, நீச்சல் தெரிந்த பிறகே தாமிரபரணியில் இறங்குவேன் என்பதற்கு ஒப்பாகும். தயவுசெய்து அப்படித் தள்ளிப்போடாதீர்கள்.

கர்லாக்கட்டை, கோவை:

பதினோரு ஆண்டுகளாகப் பயிற்சியாளராக இருக்கிறேன். எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருப்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. உணவுக்குப் பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையின் பெரும்பகுதியை உள்வாங்கிக்கொள்பவை தசைகள்தாம், அதனால் உங்கள் மருத்துவர் சொன்னது மிகச் சரி. வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்போடு, இரண்டு நாளேனும் தசை வலுவூட்டும் பயிற்சியும் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

ஆகவே வாரத்திற்கு இரண்டு நாளுடன் தொடங்குங்கள், அவற்றுக்கிடையே இரண்டு நாள் இடைவெளி இருக்கட்டும். ஐந்து நிமிடம் நடந்து உடலைச் சூடாக்கிவிட்டு லெக் பிரஸ் (காலால் தள்ளுவது), செஸ்ட் பிரஸ் (மார்புக்கு முன்னே கையால் தள்ளுவது), லேட் புல்டவுன் (தலைக்கு மேலுள்ள கம்பியைக் கீழே இழுப்பது), சீட்டட் ரோ (உட்கார்ந்தபடி கைப்பிடியை வயிற்றை நோக்கி இழுப்பது) ஆகிய நான்கு மெஷின்களை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். கூடவே நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் போன்ற பஸ்கியைச் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு முறை கொண்ட இரண்டு செட் போதும். செட் முடியும்போது இன்னும் இரண்டு மூன்று முறை செய்ய முடியும் என்று தோன்றுகிற எடையே உங்களுக்கு உரிய எடை. தள்ளும்போதும் இழுக்கும்போதும் மூச்சை வெளிவிடுங்கள், அடக்காதீர்கள். நீண்ட இரும்புக் கம்பியின் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம், தட்டு எதுவும் மாட்டாமலே பலவற்றின் எடை 20 கிலோ இருக்கும்.

அச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதியவர்களைப் பார்த்த வரையில், அவர்களை அலைக்கழிப்பது அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நடுவில் நிற்கும் அந்த அரை நிமிடம்தான். செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டால் அந்த அரை நிமிடம் இல்லாமல் போகும். இருக்கையை எந்த எண்ணில் வைத்தீர்கள், எடையைத் தேர்ந்தெடுக்க அடுக்கில் செருகும் பின் என்ற ஊசியை எந்த எடையில் செருகினீர்கள் என்பதையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். முதல் சில வாரங்களில் நீங்கள் தள்ளும், இழுக்கும் எடை கூடிக்கொண்டே போவதைக் காண்பீர்கள். தசை வளர்வதற்கு முன்பே நரம்புகள் அவ்வசைவைக் கற்றுக்கொள்வதே அதற்குப் பெரிதும் காரணம்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிக்கும், படியிறங்கச் சிரமமாக இருக்கும், அது இயல்பு. ஆனால் பயிற்சியின்போது நெஞ்சு இறுக்கம் ஏற்பட்டாலோ, பிறகு சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். புரதப் பொடி கட்டாயமில்லை. ஐசிஎம்ஆர் எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் உண்டு. முட்டை, பருப்பு, சுண்டல், தயிர், மீன் என்று பிரித்துச் சாப்பிட்டாலே அந்த அளவை எட்டிவிடலாம்.

மலைக்கோட்டை:

கட்டணம் பற்றி மட்டும் சொல்கிறேன். தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு ஓராண்டுக்குச் செலுத்தினேன், நான்காம் மாதம் அந்த ஜிம்மையே மூடிவிட்டார்கள், பணம் திரும்பவில்லை. மூன்று மாதத்திற்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள், இரசீது வாங்குங்கள். தனிப் பயிற்சியாளர் கட்டணத்தை அன்றே கட்டச் சொன்னால், ஒரு வாரம் கழித்துச் சொல்கிறேன் என்று உறுதியாகக் கூறுங்கள்.

நெல்லைத் தென்றல்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை எட்டரை மணிக்குப் போய் வந்தேன். உள்ளே ஆறு பேர்தான் இருந்தார்கள், அவர்களில் இருவர் என்னைவிட மூத்த பெண்கள். ஒரு மாதத்திற்கு மட்டும் கட்டணம் செலுத்தினேன். கையில் தாள் இருந்ததைப் பார்த்த பயிற்சியாளர், அதிலுள்ள வரிசைப்படியே ஒவ்வொரு மெஷினையும் காட்டிக்கொடுத்தார். லெக் பிரஸில் 20 கிலோ, இருக்கை எண் நான்கு என்று எழுதி வைத்திருக்கிறேன். லேட் புல்டவுனில் தோள் காதுவரை உயர்கிறது, அதை எப்படித் தாழ்த்துவது என்று கோவை நண்பர் விளக்கினால் வெள்ளிக்கிழமை திருத்திக்கொள்வேன்.

கர்லாக்கட்டை, கோவை:

கம்பியை இழுப்பதற்கு முன்பே தோள்பட்டைகளை இடுப்பை நோக்கிக் கீழே இறக்கிவிட்டு, முழங்கைகளைப் பேண்டின் பின்பைக்குள் நுழைப்பதாக எண்ணிக்கொண்டு இழுங்கள். அப்போதும் தோள் உயர்ந்தால் எடை அதிகம் என்று பொருள், பின்னை ஒரு தட்டு மேலே மாற்றிச் செருகுங்கள்.